கெண்டைக்காலில் வலி, இடுப்பில் வேர்

கெண்டைக்கால் வலிக்கிறது என்று போகிறார் ஒருவர். டாக்டர் இடுப்பைத் தட்டிப் பார்க்கிறார். குப்புறப் படுக்கச் சொல்லி முதுகெலும்பை விரலால் அழுத்துகிறார். கடைசியில் இடுப்புக்கு எக்ஸ்ரே எழுதிக் கொடுக்கிறார். வீட்டுக்கு வந்தவர் மனைவியிடம் குறைப்படுகிறார்: "கால்ல வலின்னு சொன்னா இடுப்பைப் பாக்கறாரு. எனக்கு இடுப்பு வலிக்கவே இல்லையே!"

அவருடைய சந்தேகம் நியாயமானது. மருத்துவ உலகமே பல நூற்றாண்டுகள் இந்த வலியின் மூலம் எது என்று தெரியாமல்தான் இருந்தது. பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்புறம் இறங்கி, பாதம் வரை சுரீரென்று ஓடும் இந்த வலியைக் கிரேக்கர்கள் இடுப்பு மூட்டின் கோளாறு என்று நினைத்தார்கள். 'சயாட்டிகா' என்ற சொல்லே இடுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆயுர்வேத நூல்கள் இதைக் 'கிருத்ரசி' என்றன. கிருத்ரம் என்றால் கழுகு. நோயாளி காலை இழுத்து இழுத்து நடப்பது கழுகின் நடைபோல் இருந்ததால் அந்தப் பெயர்.

இது மூட்டின் வலியல்ல, நரம்பின் வலி என்று பிரித்துச் சொன்னவர் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் வாழ்ந்த டொமெனிக்கோ கொட்டுன்யோ. ஆண்டு 1764. சரி, நரம்புதான். ஆனால் அந்த நீண்ட நரம்பில் கோளாறு எந்த இடத்தில்? இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்க இன்னும் 170 ஆண்டுகள் ஆயின.

முழங்கை சொல்லும் பாடம்

மேசை விளிம்பில் முழங்கையை இடித்துக்கொள்ளாதவர் யாரும் இருக்க முடியாது. இடிபட்டது முழங்கை. ஆனால் மின்சாரம் பாய்ந்த மாதிரி துடிப்பது சுண்டுவிரல். விரலுக்கு அடி எதுவும் படவில்லை. அப்படியானால் விரல் ஏன் துடிக்கிறது?

சுண்டுவிரலிலிருந்து கிளம்பும் நரம்பு, முழங்கையின் உட்பக்கத்தில் தோலுக்குச் சற்றுக் கீழே ஓடுகிறது. இடித்துக்கொள்ளும்போது அந்த நரம்பு நடுவழியில் உசுப்பப்படுகிறது. சேதி மூளைக்குப் போகிறது. ஆனால் அது நடுவழியில் கிளம்பிய சேதி என்று மூளைக்குத் தெரியாது. 

கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் எழும்பூருக்கு வந்து நிற்கிறது. இறங்குகிறவர்களை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எல்லோருமே கன்னியாகுமரியிலிருந்து வந்தவர்கள்தான். விழுப்புரத்தில் ஏறியவர் யார் என்று முகத்தில் எழுதியிருக்காது. மூளை அந்தப் பிளாட்பாரத்தில் நிற்பவரைப் போன்றது. எந்த நரம்பு வழியாகச் சேதி வந்தது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். கெண்டைக்கால் நரம்பு எந்த இடத்தில் உரசப்பட்டாலும், மூளையின் கணக்கில் வலிப்பது கெண்டைக்கால்தான்.

நுங்கும் நாரும்

சயாட்டிகாவில் விழுப்புரம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் முதுகெலும்பின் அடிப்பகுதியில்.

இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குக் கீழே முக்கோண வடிவில் திரிகம் என்ற எலும்பு. இந்தப் பகுதியின் இடுக்குகள் வழியாக ஐந்து நரம்பு வேர்கள் வெளியே வந்து, ஒன்றாகத் திரண்டு, கட்டைவிரல் பருமனுள்ள ஒரு வடமாகின்றன. உடம்பின் மிகத் தடித்த நரம்பு அதுதான்: சயாட்டிக் நரம்பு. அதில் ஓடும் இழைகள் சில, இடுப்பிலிருந்து கால்விரல் நுனி வரை ஒரே செல்லின் நீட்சிகள். ஒரு செல், ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம்!

முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருப்பது இடைவட்டு. 'டிஸ்க்' என்றும் 'ஜவ்வு' என்றும் மக்கள் சொல்வது இதைத்தான். வட்டின் அமைப்பைப் புரிந்துகொள்ள நுங்குக் காயை நினைத்துக்கொண்டால் போதும். உள்ளே நீர் நிறைந்த, வழவழப்பான கரு. அதைச் சுற்றி அடுக்கடுக்காக நார். நாம் நடக்கும்போதும் குனியும்போதும் கரு அழுத்தத்தை வாங்குகிறது, நார் அதைச் சிதறாமல் பிடித்துக்கொள்கிறது. 

வயது ஏற ஏற நாரில் வெடிப்புகள் விழும். யாருக்கு எவ்வளவு சீக்கிரம் விழும் என்பதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஒருநாள் வெடிப்பு வழியாகக் கரு பிதுங்கலாம். வட்டின் பின்புறத்தில் நட்டநடுவே ஒரு கெட்டியான தசைநார் காவல் இருக்கிறது. அதனால் கரு பெரும்பாலும் பக்கவாட்டு மூலையில்தான் வெளியே வருகிறது. நரம்பு வேர் ஓடுவதும் அதே மூலையில்தான்.

'டிஸ்க் விலகிடுச்சு' என்று சொல்லும்போது ஏதோ கேரம் காய்போல் முழு வட்டும் நழுவி ஓடிவிட்ட தோற்றம் வருகிறது. வட்டு எங்கும் ஓடுவதில்லை. அது மேலும் கீழும் எலும்போடு இறுக ஒட்டியிருக்கிறது. பிதுங்குவது அதன் கரு மட்டுமே. இந்த ஒரு சொல் செய்யும் குழப்பம் கொஞ்சமல்ல. விலகியது என்றால் யாராவது தள்ளி உள்ளே வைத்துவிடலாம் என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது.

இருபது லிட்டர் கேன்

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 42. கணக்கு எழுதும் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் இருக்கும் தண்ணீர் கேனைக் குனிந்து தூக்குகிறார். முழங்கால் மடங்கவில்லை, முதுகுதான் வளைந்தது. கேனின் எடை ஏறக்குறைய 20 கிலோ.

அந்த நொடியில் அவருடைய வட்டுக்குள் என்ன நடக்கிறது? இதே எடையை வைத்து நேரடியாக அளந்திருக்கிறார்கள். ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள் ஒரு தன்னார்வலரின் இடுப்பு வட்டுக்குள் சிறிய அழுத்தமானியைச் செருகி, நாள் முழுக்க அவரைப் படுக்கவும் உட்காரவும் பளு தூக்கவும் வைத்தார்கள். முடிவுகள் 1999இல் வெளியாயின. படுத்திருக்கும்போது வட்டுக்குள் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தின் அளவுக்குத்தான் இருந்தது. நிற்கும்போது அது ஐந்து மடங்கானது. முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கியபோது 23 மடங்கு! கார் டயருக்குள் அடைக்கும் காற்றைப்போல் பத்து மடங்கு. முழங்காலை மடக்கித் தூக்கினால் அதே எடைக்கு 17 மடங்கு. அளந்தது ஒரே ஒருவரிடம்தான். ஆனாலும் எந்த அசைவில் பாரம் எப்படி ஏறுகிறது என்பதைத் தெளிவாகக் காட்டிய அளவீடு இது.

நல்ல வட்டு இந்த அழுத்தத்தைத் தாங்கும். கேன் தூக்கிய ஒவ்வொருவருக்கும் சயாட்டிகா வருவதில்லை. நம்முடைய கணக்கர் விஷயத்தில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த வெடிப்புக்குக் கேன் கடைசி உந்துதலானது. முதலில் இடுப்பில் ஒரு பிடிப்பு. இரண்டு நாளில் அது குறைந்துவிட்டது. மூன்றாம் நாள் தும்மியபோது இடது பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை ஒரு கோடு இழுத்தமாதிரி வலி. சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போயிற்று.

மரத்த விரல் ஒரு துப்பு. ஒவ்வொரு நரம்பு வேருக்கும் காலில் ஒரு பட்டா நிலம் உண்டு. காலின் வெளிப்பக்கம், புறங்கால், கட்டைவிரல் மரத்து, கட்டைவிரலை மேலே தூக்க முடியாவிட்டால் ஐந்தாம் இடுப்பு வேர். கெண்டைக்கால், உள்ளங்காலின் வெளி விளிம்பு, சுண்டுவிரல் மரத்து, நுனிக்காலில் நிற்க முடியாவிட்டால் முதல் திரிக வேர். கணக்கரால் இடது நுனிக்காலில் நிற்க முடியவில்லை. குதிகாலுக்கு மேலே சிறிய சுத்தியலால் தட்டினால் வலது பாதம் துள்ளுகிறது, இடது பாதம் அசையவில்லை. ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே டாக்டருக்குத் தெரிந்துவிட்டது: கடைசி முள்ளெலும்புக்கும் திரிகத்துக்கும் நடுவிலுள்ள வட்டு.

இன்னொரு சோதனை பாக்கி. மல்லாந்து படுத்தவரின் காலை முழங்கால் மடங்காமல் மெல்லத் தூக்குவது. குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் போகும்போது சயாட்டிக் நரம்பு இழுபட்டு, வேர் சில மில்லிமீட்டர் நகர வேண்டியிருக்கும். வீங்கிய வேரால் நகர முடியாது. கால் முழுக்க வலி பளிச்சென்று ஓடும். செர்பியாவின் லாசரேவிச் 1880இல் இதை எழுதினார். அடுத்த ஆண்டே பாரிஸ் பேராசிரியர் லசேக்கின் மாணவர் ஒருவர் தன் ஆய்வேட்டில் இதை விவரித்தார். சோதனைக்கு நிலைத்தது பேராசிரியரின் பெயர். 

பிதுங்கிய வட்டுக்கும் கால் வலிக்கும் உள்ள தொடர்பை உறுதியாக நிறுவியவர்கள் பாஸ்டன் நகரின் மிக்ஸ்டர், பார் என்ற இரு அறுவை மருத்துவர்கள். அதுவரை அறுவையில் அகப்பட்ட அந்த வெள்ளைத் துணுக்குகளைக் குருத்தெலும்புக் கட்டி என்றே எழுதி வந்தார்கள். உண்மையில் அது வட்டின் கரு என்று இவர்களின் 1934ஆம் ஆண்டுக் கட்டுரை சொன்னது.

அழுத்தம் மட்டும் காரணமா?

விஷயம் இத்துடன் முடிந்திருந்தால் எளிமையாக இருந்திருக்கும். கரு நரம்பை அழுத்துகிறது, எனவே வலிக்கிறது. ஆனால் 1994இல் அமெரிக்க ஆய்வாளர்கள் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, அதாவது 52 விழுக்காட்டினருக்கு, ஏதாவது ஒரு வட்டு புடைத்திருந்தது. அவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

அப்படியானால் அவர்களுக்கு ஏன் வலிக்கவில்லை? இதற்கு விடை சொல்ல உதவியது பழைய சோதனை ஒன்றில் பயன்பட்ட நைலான் நூல். ஸ்மித், ரைட் என்ற இருவர், வட்டு அறுவை நடக்கும்போது நரம்பு வேரைச் சுற்றி மெல்லிய நூலை விட்டு, அதன் நுனிகளைத் தோலுக்கு வெளியே கொண்டுவந்தார்கள். அறுவைக்குப் பிறகு நூலை லேசாக இழுத்துப் பார்த்தார்கள். முன்பு பாதிக்கப்பட்டிருந்த வேரில் நூல் பட்ட மாத்திரத்தில் பழைய சயாட்டிகா வலி அப்படியே திரும்பியது. கோளாறில்லாத வேரை இழுத்தபோது அந்த வலி அவ்வளவு எளிதில் வரவில்லை. 1958இல் இதை வெளியிட்டார்கள்.

ஆக, வலிக்க வேண்டுமானால் வேர் முதலில் புண்பட்டிருக்க வேண்டும். புண்படுத்துவது எது? ஸ்வீடனில் பன்றிகளிடம் செய்த ஆய்வு 1993இல் விடை தந்தது. வட்டின் கருவை எடுத்து, அழுத்தாமல், நரம்பு வேர்களின்மேல் வெறுமனே பூசினார்கள். அதற்கே நரம்பின் வேகம் குறைந்துவிட்டது. வட்டின் கருவுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. பிறந்ததிலிருந்து உடம்பின் காவல் படையான வெள்ளணுக்கள் அதைச் சந்தித்ததே இல்லை. அது வெளியே கசிந்ததும் அந்நியன் என்று பாய்கின்றன. அழற்சி கிளம்புகிறது. கருவிலுள்ள ரசாயனங்களும் சேர்ந்து பக்கத்திலுள்ள வேரை வீங்கவைக்கின்றன. அழுத்தமும் அழற்சியும் கைகோக்கும்போது சயாட்டிகா.

டாவன்போர்ட்டில் ஒரு கை

இப்போது கணக்கருக்கு ஒரு நண்பர் செல்போனில் காணொளி அனுப்புகிறார். வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர், ஒருக்களித்துப் படுத்தவரின் இடுப்பைச் சட்டென்று திருகுகிறார். 'டொக்' என்று ஒரு சத்தம். படுத்திருந்தவர் எழுந்து சிரிக்கிறார். இது கைரோபிராக்டிக். கிரேக்கத்தில் 'கையால் செய்வது' என்று பொருள். தமிழ்க் காதுக்கும் அதில் கை கேட்பது தற்செயல்தான், ஆனால் பொருத்தம்.

இந்த முறை பிறந்தது அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள டாவன்போர்ட் நகரில். அங்கே காந்தத்தால் நோய் தீர்ப்பதாகச் சொல்லிவந்த டி.டி. பால்மர், 1895 செப்டம்பரில், தன் அலுவலகம் இருந்த கட்டடத்தின் துப்புரவுப் பணியாளர் ஹார்வி லில்லார்டின் முதுகில் ஒரு புடைப்பைக் கண்டார். லில்லார்டுக்குப் பல ஆண்டுகளாகக் காது கேட்காது. புடைப்பை அழுத்தித் தள்ளியதும் கேட்கத் தொடங்கியது என்றார் பால்மர். அதிலிருந்து ஒரு கோட்பாடு: முள்ளெலும்புகள் சற்றே இடம் பெயர்வதால் நரம்பின் ஓட்டம் தடைபடுகிறது, ஏறக்குறைய எல்லா நோய்க்கும் அதுவே காரணம்.

கோட்பாடு தவறு. கேட்கும் நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே காதிலிருந்து மூளைக்குப் போகிறது, முதுகுப் பக்கம் வருவதே இல்லை. மருத்துவர்கள் கைரோபிராக்டிக்கைக் கடுமையாக எதிர்த்தார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைப் புறக்கணிக்கச் சதி செய்தது என்று வழக்கு நடந்து, 1987இல் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பும் வந்தது. இன்று அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் உரிமம் பெற்றுச் செய்யும் தொழில் அது. இன்றைய கைரோபிராக்டர்களில் பலர் பழைய கோட்பாட்டைக் கைவிட்டு, முதுகு, கழுத்து வலிகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எல்லா நோய்க்கும் முதுகைத் திருகலாம் என்பவர்களும் இல்லாமல் இல்லை. போகிறவர் எந்த வகையினரிடம் போகிறார் என்பது முக்கியம்.

அந்த 'டொக்' எலும்பு எலும்போடு பொருந்தும் சத்தமா? இல்லை. மூட்டுக்குள் வழவழப்பான திரவம் இருக்கிறது. மூட்டை வேகமாக விரிக்கும்போது உள்ளே அழுத்தம் சட்டென்று குறைந்து, வாயுக் குமிழி உருவாகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரல் மூட்டைச் சொடுக்கும்போதே எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, குமிழி உருவாகும் கணத்தை 2015இல் காட்டினார்கள். நெட்டி முறிக்கும்போது கேட்பதும் இதே சத்தம்தான். சத்தம் வந்ததால் எதுவும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டதாக அர்த்தமில்லை.

ரோமில் ஒரு சோதனை

கோட்பாடு தவறாக இருந்தும் சிகிச்சை பலன் தரலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி சோதித்துப் பார்ப்பது. 

ரோமில் அப்படியொரு சோதனை நடந்து 2006இல் வெளியானது. வட்டுப் பிதுக்கத்தோடு முதுகுவலியும் சயாட்டிகாவும் உள்ள 102 பேர். குலுக்கல் முறையில் இரு குழுக்கள். ஒரு குழுவுக்கு அனுபவமுள்ள கைரோபிராக்டர்கள் உண்மையான திருகல் கொடுத்தார்கள். மற்றக் குழுவுக்கும் அவர்களே கைவைத்தார்கள், ஆனால் அது பாவனைதான். யாருக்கு எது என்று நோயாளிக்குச் சொல்லவில்லை. வாரம் ஐந்து நாள், அதிகபட்சம் 20 அமர்வுகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, உண்மைத் திருகல் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்குக் கால் வலி அறவே இல்லை. பாவனைக் குழுவில் 20 விழுக்காடு.

பெரிய வித்தியாசம்தான். ஆனால் அதே ஆய்வின் இன்னொரு வரி அதைவிடச் சுவையானது. எம்.ஆர்.ஐ.யில் வட்டின் நிலையில் இரு குழுக்களுக்கும் வேறுபாடில்லை. கை வட்டை உள்ளே தள்ளவில்லை. வலி மட்டும் குறைந்தது. 

எப்படிக் குறைந்திருக்கும்? திடீர் இழுப்பு மூட்டைச் சுற்றியுள்ள தசைகளின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. தசையிலும் மூட்டிலும் கிளம்பும் சேதிகள் தண்டுவடத்தில் வலிச் சேதியைச் சற்று நேரம் அமுக்குகின்றன. பயந்து அசையாமல் கிடந்தவர் அசையத் தொடங்குகிறார். இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். 2014இல் வெளியான மற்றோர் ஆய்வு, முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலி உள்ள 192 பேரிடம் நடந்தது. வீட்டுப் பயிற்சியோடு திருகலும் சேர்த்துப் பெற்றவர்கள் 12 வாரத்தில் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஓராண்டு முடிவில் கால் வலியில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. 2016ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வழிகாட்டுதலும் கைவைத்தியத்தைத் தனியாகச் செய்யச் சொல்லவில்லை. உடற்பயிற்சியோடு சேர்ந்த ஒரு பகுதியாகச் செய்யலாம் என்கிறது. கைரோபிராக்டிக்கின் இடம் அந்த அளவுதான். அது சின்ன இடமல்ல. தூக்கமில்லாத எட்டு வாரத்தை நான்கு வாரமாகக் குறைக்க முடிந்தால் வலியில் இருப்பவருக்கு அது பெரிய விஷயம்.

உடம்பு தின்று தீர்க்கிறது

ஓராண்டில் வித்தியாசம் ஏன் மறைகிறது? காத்திருந்தவர்களும் தேறிவிடுவதால்.

வலியைக் கிளப்பிய அதே வெள்ளணுக்கள்தான் இங்கே வைத்தியர்கள். கசிந்த கருவை அந்நியன் என்று பிடித்தவை, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கின்றன. நாரைக் கிழித்துக்கொண்டு முழுதாக வெளியே வந்து விழுந்த துணுக்குதான் ஸ்கேனில் பயங்கரமாகத் தெரியும். ஆனால் வேகமாகக் கரைவதும் அதுவே. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அப்படி அறுந்து விழுந்த துணுக்குகளில் 96 விழுக்காடு தானாகச் சுருங்கியிருந்தன. நாருக்குள் அடங்கிய வெறும் புடைப்பில் அது 13 விழுக்காடுதான். வெள்ளணுக்களின் கண்ணில் பட்டால்தானே தின்ன முடியும்?

நெதர்லாந்தில் கடுமையான சயாட்டிகா உள்ள 283 பேரை வைத்து நடந்த ஆய்வு 2007இல் வந்தது. உடனே அறுவை செய்துகொண்டவர்கள் ஏறக்குறைய நான்கு வாரத்தில் தேறினார்கள். காத்திருந்தவர்களுக்கு 12 வாரம் ஆயிற்று. அவர்களில் 39 விழுக்காட்டினர் பொறுக்க முடியாமல் பிறகு அறுவைக்குப் போனார்கள். ஓராண்டு முடிவில் இரு குழுக்களிலும் 95 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள்.

கைவைக்கக் கூடாத நேரம்

சில அறிகுறிகள் இருந்தால் எந்தத் திருகலும் கூடாது, காத்திருக்கவும் கூடாது. தண்டுவடம் முடிந்த பிறகு நரம்பு வேர்கள் குதிரைவால்போல் கொத்தாகத் தொங்குகின்றன. பெரிய துணுக்கு ஒன்று அந்தக் கொத்தையே நசுக்கிவிட்டால், சைக்கிள் சீட்டில் படும் பகுதி மரத்துப்போகும். சிறுநீர் வராமல் அடைக்கும், அல்லது தெரியாமல் போகும். மலம் கட்டுப்படாது. இரண்டு காலும் தளரலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாள் தவறினால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகக்கூடும். 

பாதம் தொங்கிப்போனாலும், பலவீனம் நாளுக்கு நாள் கூடினாலும், காய்ச்சலோ காரணமில்லாத எடை இழப்போ சேர்ந்தாலும், புற்றுநோய் வந்தவர்களுக்கும் எலும்பு மெலிந்தவர்களுக்கும் முதுகு வலி புதிதாகத் தொடங்கினாலும் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். இன்னொன்று: காலுக்கு என்று போனவரின் கழுத்தைத் திருப்ப வேண்டிய காரணமே கிடையாது. கழுத்துத் திருகலில் அபூர்வமாக ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு.

நம்முடைய கணக்கருக்கு இந்த அறிகுறிகள் எதுவும் இல்லை. டாக்டர் வலி மாத்திரை கொடுத்து, படுத்தே கிடக்க வேண்டாம், முடிந்தவரை நடங்கள் என்றார். பிசியோதெரபிஸ்ட் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். மூன்றாம் வாரம் தகுதியுள்ள ஒரு கைரோபிராக்டரிடம் சில அமர்வுகள் போனார். வலி முதலில் பாதத்தை விட்டது, பிறகு கெண்டைக்காலை, பிறகு தொடையை. கடைசியாகப் பிட்டத்தில் ஒரு புள்ளியாக நின்றது. பத்தாவது வாரம் அதுவும் போயிற்று. டாக்டர் மறுபடி சுத்தியலால் இடது குதிகாலுக்கு மேலே தட்டினார். பாதம் துள்ளவில்லை. அந்தத் துள்ளல் திரும்ப மாதங்கள் ஆகலாம், திரும்பாமலும் இருக்கலாம், நடப்பதற்கு அது தடையில்லை என்றார் டாக்டர். தண்ணீர் கேன் போடும் பையனிடம் இப்போது கணக்கர் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறார்: "வாசல்ல வேணாம் தம்பி, உள்ள ஸ்டாண்டு மேலயே வச்சிருங்க."